ஏழாம் திருவிழாவையும் சேர்த்துக்கொள்

தம்பி,

இன்று மாலை வீட்டுக்கு வந்து, நீ பெட்டி அடுக்கும் அறையின் கதவில் சாய்ந்து நின்று, இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். ஆனால் நீ எனக்குத் தந்த பரிசைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஊரெல்லாம் வாசிக்க வைத்தாய். பகிரங்கமாகத் தந்ததைப் பகிரங்கமாகத்தான் திருப்பித் தரவேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை நாளை உன் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன். ஞாயிறு பொதுக்கூட்டம், திங்கள் உனக்கு ரெயில். அதற்கிடையில் நீயும் வாசிக்கலாம், மற்றவர்களும் வாசிக்கலாம்.

பலேர்மோவின் கால்சாப் பகுதியில், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அவர் மதியத் தூக்கத்தில் இருக்கிறார். இந்த நகரமே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் இந்தக் குசினிக்கு நான்தான் ராணி. நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. உனக்கு அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. இருந்தும் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வடக்கே ஒரு மாநகரசபையின் வரவு செலவுப் பிரிவில் வேலை கிடைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போகப் போகிறவனை இனியும் தம்பி என்றா கூப்பிடுவது என்று அப்பா கேட்கிறார். மேயரே பக்கத்தில் நின்றாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

புதிதாக வந்து வாசிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த மண்டபத்தில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். வருடத்தில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூ, மேளம், சாத்துப்படி, சாப்பாடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அன்றைய பெருமையும் அவர்களுடையதுதான். ஊரில் செய்தபடியே இங்கும் செய்தோம், அதில் என்ன பிழை என்று யாரும் கேட்கவில்லை. தேர்த் திருவிழாக்காரர் சுவிற்சர்லாந்திலிருந்து விமானத்தில் மேளம் இறக்குவார். அடுத்த நாள்காரர் சும்மா இருப்பாரா? ஜேர்மனியிலிருந்து இரண்டு கூட்டம் இறக்குவார். பாயாசம் அண்டா அண்டாவாக மிஞ்சும். மழைக்காலம் வந்தால் அதே மண்டபத்தில் பிள்ளையாரின் தலைக்கு மேலே கூரை ஒழுகும், நாங்கள் வாளி வைப்போம். கூரைக்கு உபயகாரர் இல்லை. கூரையைத் திருத்தினால் ஐயர் யாருடைய பெயரை வாசிப்பார்?

பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பார்க்கிற குடும்பத்தையும் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு ரஜனி, பத்து நாளும் ரெயிலேறி வந்து, குழாயடியில் நின்று அண்டா கழுவுகிறாள். அவள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பத்து நாளையும் பத்துக் குடும்பங்கள் பிடித்துவிட்டன. அவள் கழுவுகிறாள், நாங்கள் பட்டுச்சேலையோடு முன்னால் நிற்கிறோம். இது எனக்கும் பல வருடமாகத் தெரிந்த காட்சிதான்.

இதை மாற்றத்தான் நீ எழுதினாய். இனி நாளுக்கொரு முதலாளி வேண்டாம். எல்லா வரவும் ஒரே பெட்டிக்குள் வரட்டும். ஒவ்வொரு வீடும் வசதிக்கேற்பத் தரட்டும். வேலை போன வீடு தரவே வேண்டாம். வருடம் தொடங்குமுன்பே என்ன வரும், எதற்குப் போகும் என்று எழுதி ஒட்டவேண்டும். கூரையும் வாடகையும் முதலில், மேளம் பிறகு. முடிவில், நிர்வாக சபையில் இல்லாத இரண்டு பேர் கணக்கைச் சரிபார்க்கவேண்டும். எந்த நாளில் எந்தக் குடும்பங்களின் பெயரை வாசிப்பது என்பதைப் பிள்ளையாருக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்க்கலாம். வாசிக்க வாசிக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். ஏழாம் திருவிழா மட்டும், அந்த நாளை முதன்முதலில் ஏற்ற குடும்பம் என்பதால், அவர்களிடமே இருக்கும் என்று எழுதியிருந்தாய். ஏழாம் திருவிழா எங்களுடையது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பிள்ளை என்னை மறக்கவில்லை என்று கண் கலங்கியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சுக்குத் தன் காக்கை பொன்காக்கை. அந்தச் சந்தோஷத்தோடு கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது பவளம் அக்கா பக்கத்தில் வந்தார். அவர் ஆறாம் திருவிழாக்காரர். வாயைத் திறந்தால் ஊசி, ஆனால் பொய் வராது.

“பிள்ளை, உன்ரை மோன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான். நான் என்ரை ஆறாம் நாளைக் குடுப்பம் எண்டுதான் வந்தனான்.”

“குடுங்கோவன் அக்கா.”

“குடுப்பன். ஏழாம் நாள்காரி முதல் குடுக்கட்டும். ஊருக்கு உபதேசம், உனக்கல்லடி பெண்ணே எண்டு அவன் வடிவா எழுதி வைச்சிருக்கிறானே!”

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பது வீடும் பின்வாங்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் நாளுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். காரணம் இல்லாத வீடு எது? ஒருவர் தேருக்குச் சில்லு வாங்கித் தந்தவர், ஒருவர் ஐயரின் கடதாசி வேலைகளுக்கு அலைந்தவர். கடைசியில் உன் திட்டம் தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாகும். நீ திங்கட்கிழமை போய்விடுவாய், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததே நீதான் என்பதுதான் வேடிக்கை. படிப்பின் கடைசி வருடம், ஆய்வை வாயால் சொல்லிப் பழகவேண்டும் என்று என்னைப் பிடித்து இருத்தினாய். நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் அரசுக் கணக்கையும் வரிகளையும் எப்படித் திருத்தினார்கள் என்பது உன் விஷயம்.

“பலேர்மோவிலை இருந்துகொண்டு உனக்கேன் ராசா இங்கிலாந்து ராணியின்ரை கணக்கு?”

“அம்மா, இண்டைக்குக் கனக்க நாட்டிலை வரவு செலவுத் திட்டம் வாசிக்கிற முறை அங்கையிருந்துதான் வந்தது. நீங்கள் பயற்றங்காயை முறியுங்கோ, நான் சொல்லுறன்.”

சொன்னாய். முன்பெல்லாம் வரி வாங்கும் கந்தோர்கள் தங்கள் செலவைத் தாங்களே கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் திறைசேரிக்கு அனுப்பினவாம். முழுக் கணக்கும் யார் கண்ணுக்கும் தெரியாதாம். பிறகு எல்லா வரவும் முழுதாக ஒரே இடத்துக்கு வரவேண்டும் என்று வைத்தார்கள். நிதி அமைச்சர் பாராளுமன்றத்தில் மணிக்கணக்காக நின்று முழுவதையும் சொல்லவேண்டும். செலவழித்தவரே கணக்கைச் சரிபார்க்கக்கூடாது என்று அதற்குத் தனி ஆள் வைத்தார்கள். ஜன்னலை எண்ணி வரி வாங்கிய காலத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஜன்னல்களைக் கல்லால் அடைக்க, வாடகைக்கு இருந்த ஏழைகள் இருட்டுக்குள் இருந்து இருமினார்களாம். அந்த வரியை எடுத்தார்கள். கடதாசிக்கு இருந்த வரியையும் எடுத்தார்கள், பத்திரிகை மலிந்தது. வசதியுள்ளவர்களின் வருமானத்துக்கு வரி வந்தது. கொஞ்சக் காலத்துக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தது இன்றுவரை போகவில்லை என்றாய். நாங்களும் இரண்டு வருடத்துக்கு என்றுதான் பலேர்மோவுக்கு வந்தோம் என்று நான் சொல்ல, சிரித்துச் சிரித்து உனக்குப் புரைக்கேறியது.

அடுத்த நாள் நான் வேலைக்கு வரும்போது இந்த மாளிகையின் சுவரைப் பார்க்கிறேன், அங்கே ஜன்னல் மாதிரி ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஐயோ, இங்கும் வரிக்குப் பயந்து அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிஞ்ஞோராவிடம் துக்கம் விசாரித்தேன். அவர் கதிரையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தார். வரியுமில்லை, ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஜன்னல் இருப்பதால் இந்தப் பக்கமும் இருந்தால் வடிவு என்று வரைந்ததாம். ஆனால் அவருடைய வீட்டாருக்கும் ஒரு வரிக்கதை இருந்தது. முன்னோர் மா அரைக்கும் ஆலை வைத்திருந்தார்களாம். இத்தாலி ஒரே நாடாகிய பிறகு, கல் எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுகிற கருவியை ஆலைகளில் பூட்டி, மா அரைக்க வரி வாங்கினார்களாம். பாணைக் கடிக்கும்போதெல்லாம் அரசாங்கத்தைத் திட்டுவது தங்கள் வீட்டுப் பழக்கம் என்றார். நான் வந்து சொன்னதும் நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவரிடம் ஓடினாய்.

உன் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தப் பிரதமர். பெரிய நிலக்காரர்களின் கட்சிக்குத் தலைவராக இருந்துகொண்டு, வெளித் தானியத்துக்கு வரி போட்டு அவர்கள் அனுபவித்த பாதுகாப்பை அவரே எடுத்தார். கட்சி உடைந்தது, அவருடைய பதவியும் போனது. அந்தாள் எதிராளி வீட்டில் கை வைக்கவில்லை, தன் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினார் என்று நீ கரண்டியை ஆட்டிச் சொன்னாய். நானும் உற்சாகத்தில் ஒரு கேள்வி கேட்டேன்.

“அப்ப எங்கடை ஊர் ஆக்களுக்கும் வரியைக் குறைச்சவையோ?”

“இல்லை அம்மா. அங்கை தங்கடை ஆக்களின்ரை பாரத்தைக் குறைச்ச அதே காலத்திலை இலங்கையிலை நாய்க்கு வரி, துவக்குக்கு வரி. றோட்டுப் போட ஆக்கள் வந்து வேலை செய்யவேணும், இல்லாட்டிக் காசு கட்டவேணும்.”

“அங்கை ஒரு நியாயம், இஞ்சை ஒரு நியாயமோ?”

“அதுதான் அம்மா என்ரை மூண்டாம் அத்தியாயம்.”

பெரிய கேள்வி ஒன்று கேட்டுவிட்டேன் என்று நிமிர்ந்தேன். நீயோ அதை எப்போதோ எழுதி முடித்திருந்தாய். தனக்கொரு சட்டம், பிறனுக்கொரு சட்டம் என்று வைத்த திருத்தத்தை எவ்வளவு கோபத்தோடு அன்று சொன்னாய்! அந்த மூன்றாம் அத்தியாயத்தை எழுதியவன், கோயில் பலகையில் அந்தக் கடைசி வரியை எழுதலாமா? அந்தத் துரைமார் தங்கள் ஆட்களைப் பார்த்தார்கள், நீ உன் தாயைப் பார்த்தாய். உனக்கு அது அன்பு, எனக்கும் அது அன்பு. குழாயடியில் நிற்கிற ரஜனிக்கு அது என்ன?

நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? இந்த மண்டபத்தை வாடகைக்கு எடுத்த முதல் வருடம் ஏழாம் நாளுக்கு ஆள் கிடைக்கவில்லை. பாதிப்பேருக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, எல்லோருக்கும் பயம். மார்கழியில் மேலதிகமாகக் கிடைத்த பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைத் தொடாமல் வைத்திருந்து, அப்பாவும் நானும் அந்த நாளை ஏற்றோம். மோதகம் அவித்தது இதே குசினியில்தான். சிஞ்ஞோரா தன் ஊர்ப் பலகாரத்துக்கு மடிப்பதுபோல விளிம்பு மடித்தார், பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஐயர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் மண்டபம் கேட்க வாசித்தார். அந்த அனுமதி தருகிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் என் பெயரைக் கடித்துத் துப்புவார்கள். வேலை செய்த வீடுகளில் தங்கள் வாய்க்கு வசதியான பெயரை வைத்துக்கொண்டார்கள். இந்த நகரத்தில் என் பெயரை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான், தம்பி. நான் அழுதேன். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாய். அந்த முகத்தை மனதில் வைத்துத்தான் நீ அந்த வரியை எழுதினாய்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்த நாளை விடுவது அம்மாவுக்குப் பெரிய விஷயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. வலிக்கும். இதை எழுதும்போதே வலிக்கிறது. ஆனால் ரஜனிக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அது என்ன நட்சத்திரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் காவலிருக்கும் கட்டிடத்தின் வாசல் அறையில், வந்த கடிதங்களை வீடு வீடாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

“அப்ப ஏழாம் நாள் பிள்ளையாரை ஆர் தூக்கிறது?”

“சீட்டு விழுந்தவை தூக்கட்டும்.”

“அந்தத் தண்டு என்ரை தோளுக்குத்தான் சரியாப் பொருந்தும்.”

“அப்ப தோளைப் பத்து நாளும் குடுங்கோ. பிள்ளையார் வேண்டாம் எண்டு சொல்லமாட்டார்.”

இரண்டாம் மாடிக் கடிதத்தை ஐந்தாம் மாடிப் பெட்டிக்குள் போட்டார், பிறகு திருப்பி எடுத்தார். நான் புறப்படும்போதுதான் வாய் திறந்தது.

“எழுதுறதெண்டா என்ரை பேரையும் போடும். நீர் தனியப் போட்டால் வீட்டுக்குள்ளை பிரச்சினை எண்டு கதைப்பினம்.”

இனி உன் வேலைக்கு வருகிறேன். அங்கே பனிப்புகார் என்கிறார்கள், தடித்த மேற்சட்டை வாங்கு. மதியத்தில் பாணைக் கடித்துக்கொண்டு கணக்குப் பார்க்காதே. இவை எல்லா அம்மாவும் சொல்வது. நான் சொல்லவேண்டியது வேறு. அந்த மாநகரசபையில் உன் மேசைக்கு முன்னால் ஒரு நாள் ஒரு அம்மா வந்து நிற்பாள். வேறு யாரோ ஒருவருடைய அம்மா. உன் மேலதிகாரியின் மாமியாக இருக்கலாம், ஏதோ கட்சிக்காரரின் பெரியம்மாவாக இருக்கலாம். அவளுக்கும் ஒரு ஏழாம் நாள் இருக்கும். அவள் கதையும் உண்மையாக இருக்கும், கண்ணீரும் உண்மையாக இருக்கும், அதுதான் கஷ்டம். பொய்யழுகையை நீ கண்டுபிடித்துவிடுவாய். உண்மையாக அழுகிறவளிடம்தான் நீ தோற்பாய், ஏனென்றால் நீ என் பிள்ளை.

அவளுக்கு இரங்கு. கதிரை போட்டு இருத்து, தண்ணீர் கொடு, முடிந்தால் உன் சம்பளத்திலிருந்து கொடு. ஊராரின் பெட்டியை அவளுக்காக மட்டும் திறக்காதே. விலக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை போன வீடு தரவேண்டாம் என்று நீயே எழுதியிருக்கிறாய், அது சரியான விலக்கு. நாளை யாருக்கு வேலை போனாலும் அது அவர்களையும் தாங்கும். உன் ராணி காலத்து வருமான வரியும் குறைந்த வருமானக்காரரை விட்டுவைத்தது என்று நீதானே சொன்னாய். என்ன நிலைமையில் இருக்கிறார் என்று பார்த்து விலக்குக் கொடு, யாருடைய ஆள் என்று பார்த்துக் கொடுக்காதே. எழுதி முடித்த பிறகு, அந்த வரியை ரஜனிக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று ஒருதரம் யோசி. முடியாவிட்டால் வெட்டிவிடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொருளாதாரம், மிச்சம் உன் புத்தகங்களில் இருக்கிறது.

நாளை இந்தக் கடிதத்தை ஒட்டும்போது, உன் தாளின் கடைசி வரியைப் பேனையால் வெட்டுவேன். பக்கத்தில் நானும் அப்பாவும் கையொப்பம் வைப்போம். கோபித்துக்கொள்ளாதே. திருவுளச்சீட்டில் எங்கள் பெயர் எந்த நாளில் வந்தாலும் அன்று பட்டுச்சேலை கட்டி வருவேன்; மற்ற ஒன்பது நாளும் சாதாரணச் சேலையில் வருவேன். ஏழாம் நாள் வேறொருத்தியின் பெயரை ஐயர் வாசிக்கும்போது என் கண் கலங்கினால், அது என் பாடு, பார்த்தும் பாராமல் விடு.

ஞாயிற்றுக்கிழமை, உன் கதையில் வந்த அந்த நிதி அமைச்சரைப் போல எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசி. ஏழாம் திருவிழாவும் சீட்டுக்குள் என்று சொல்ல வரும்போது உன் குரல் இறங்கும், எனக்குத் தெரியும். இறக்காதே. அந்த நேரம் பவளம் அக்கா உன்னைப் பார்க்கமாட்டார், திரும்பி என்னைத்தான் தேடுவார். மற்ற எட்டு வீடும் தேடும். முன்வரிசையில் என்னைக் காணாவிட்டால் பயப்படாதே, பின்னால் குழாயடியைப் பார். கூட்டத்துக்குத் தேநீர் கொடுத்த கோப்பைகளை ரஜனியோடு நின்று கழுவிக்கொண்டிருப்பேன். சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்று தலைவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே, அங்கிருந்து ஓர் ஈரக்கை மேலே போகும். அது உன் அம்மாவுடையது.

அம்மா
(அப்பாவும் சேர்த்து)